கத்தியின் கூர் எங்கே இருக்கிறது?

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் விற்கிறவர்களின் கையில் இருக்கும் கத்தி பெரும்பாலும் கடையில் வாங்கியதாக இருக்காது. லேத் பட்டறையில் கழித்துப்போட்ட ஆக்ஸா பிளேடு ஒன்றை ஒடித்து, பல்லை அரைத்து நீக்கி, ஒரு பக்கம் விளிம்பு எடுத்து, பிடிக்குப் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருப்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் பஸ் நகர்வதற்குள் காயை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, ஜன்னலுக்குள் நீட்டிவிட அது போதும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய வெளிநாட்டு மடக்குக் கத்தி அதே காயை அதைவிடப் பிரமாதமாக அறுத்துவிடாது.

பையில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல கத்தி வேண்டும் என்று தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன ஸ்டீல்?" என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. விளிம்பு எவ்வளவு மெலிதாக இருக்கிறது, அந்த இரும்புக்கு எப்படிச் சூடு காட்டினார்கள் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் ஸ்டீலின் பெயருக்கு மரியாதை.

முதலில் விளிம்பு. கத்தியை ஒரு காயின்மேல் வைத்து 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துவதாகக் கொள்வோம். காயைத் தொடும் விளிம்பின் நீளம் 5 சென்டிமீட்டர். விளிம்பின் அகலம் 1 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. கணக்குப் போட்டால், காயின்மேல் விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு வருகிறது. அதே விளிம்பு மழுங்கி 20 மைக்ரான் அகலமாகிவிட்டால் 100 மடங்குதான். கை போடும் பலம் மாறவில்லை, கத்தியும் மாறவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்த அகலம் கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். புது சவர பிளேடில் இந்த விளிம்பு 0.1 மைக்ரானுக்கும் கீழே இருக்கும்.

அழுத்துவது பாதி வேலை. மீதி, இழுப்பது. தக்காளியின்மேல் கத்தியை வெறுமனே அழுத்தினால் தோல் குழிந்து நசுங்கும். லேசாக இழுத்தால் உடனே உள்ளே இறங்கிவிடும். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி அட்கின்ஸும் அவருடைய சகாக்களும் பாலாடைக்கட்டியையும் இறைச்சித் துண்டையும் அறுத்துப் பார்த்து, 2004-இல் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு பொருளைப் பிளந்து புதிய பரப்பை உண்டாக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதில் ஒரு பங்கைப் பக்கவாட்டு இழுப்பே கொடுத்துவிட்டால், கீழ்நோக்கி அழுத்தும் விசை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இழுக்கும் வேகத்தின் விகிதம் கூடக் கூட அழுத்தும் விசை மளமளவென்று சரிகிறது.

இது நம் வீட்டு அருவாமணையில் எப்போதோ நுழைந்துவிட்ட விஷயம். அதன் அலகு நேராக இல்லாமல் வளைந்திருப்பதால், காயை முன்னால் தள்ளும்போது அது விளிம்பின்மேல் சறுக்கிக்கொண்டே போகிறது. தள்ளுகிறவர் தனியாக இழுக்க வேண்டியதில்லை. சில கறிக்கடைகளில் கால்விரல் இடுக்கில் கத்தியை நிறுத்திக்கொண்டு இறைச்சியை இரு கையாலும் இழுத்து அறுப்பதும் இதே வித்தைதான்.

மழுங்கிய கத்தி அறுக்காது என்பதோடு விஷயம் முடிவதில்லை, அது நசுக்கும். 2025-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெங்காயம் நறுக்குவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். மழுங்கல் கத்தி வெங்காயத் தோலை அழுத்தி வளைக்க, உள்ளே அழுத்தம் ஏறி, தோல் கிழியும் நொடியில் சாறு துளித்துளியாக வேகமாகப் பீறிடுகிறது. கூரான கத்தியில் துளிகளும் குறைவு, வேகமும் குறைவு. கண்ணீருக்கு வெங்காயத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ரோஜாக் கட்டின் காம்பைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டினால் அதன் நீர்க்குழாய்கள் திறந்தே இருக்கும். மழுங்கலால் நசுக்கினால் அவை அடைபட்டு, வாளியில் தண்ணீர் இருந்தும் பூ தலை சாயும்.

இதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர் பனையேறி. பாளையின் நுனியைத் தினமும் தாள் கனத்துக்குச் சீவிவிட்டால்தான் பதநீர் தொடர்ந்து சுரக்கும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். நசுங்கினால் சுரப்பு அடைபடும். அதனால் பாளை அரிவாள் சவரக்கத்திக்கு நெருக்கமான கூரில் இருக்க வேண்டும். அதை வைக்க இடுப்புக்குப் பின்னால் அரிவாள்பெட்டி. தீட்டுவதற்கு மரப்பலகை ஒன்றும், வெள்ளைக்கல்லை இடித்த பொடியும். அந்த வெள்ளைக்கல் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. கடினமாக்கிய எஃகு ஏறக்குறைய அதே இடத்தில் அல்லது சற்றுக் கீழே. மெல்ல மெல்ல, மிக நுண்ணிய கீறலாக மட்டுமே அது எஃகை அரிக்கும். தோட்டத்திலேயே கிடைக்கும் கல்லில் இவ்வளவு பொருத்தமான தீட்டுப் பொடியைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தினமும் உடன் கொண்டுபோகும் கத்திக்கு இன்னொரு பழைய தமிழ் உருவமும் உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியோடு கத்தியும் சேர்ந்தே வந்தது. ஓலையை வாரி, ஓரம் நறுக்கிச் செப்பம் செய்ய ஒரு முனை, எழுத ஒரு முனை. மடக்கி மரக் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்ளும் மடக்கெழுத்தாணியும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் இந்த எழுத்தாணி வகைகளை விவரித்திருக்கிறார். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸ்னர் என்ற கத்தித் தொழிலாளி, ராணுவ அதிகாரிகளுக்கான பல கருவி மடக்குக் கத்தியை 1897-இல் பதிவு செய்தார். அவருடைய பட்டறைதான் பின்னாளில் விக்டோரிநாக்ஸ் ஆனது. நம் கணக்குப்பிள்ளைகள் அதற்கு முன்பே இரண்டு கருவியை ஒரு பிடிக்குள் மடக்கி வைத்திருந்தார்கள். தக்கை திருகி மட்டும் இல்லை. நமக்கு அது தேவைப்படவும் இல்லை.

இனி இரும்புக்கு வருவோம். இதற்கு மாட்டுத்தாவணியிலிருந்து தென்கிழக்கே, மானாமதுரை சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றிச் சினிமா பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். அங்கே பட்டறையில் நடக்கும் உலோகவியலை எந்தப் படமும் காட்டியதில்லை.

மூலப்பொருள் பெரும்பாலும் ஓடித் தேய்ந்த லாரியின் ஸ்பிரிங் பட்டை. லாரிப் பட்டை சாதாரண இரும்பு அல்ல, 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பனும், வகையைப் பொறுத்துச் சிலிக்கான், மாங்கனீசு அல்லது குரோமியமும் கலந்த எஃகு. லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தாலும் உடையக் கூடாது என்பதற்காகவே உருவாக்கியது. கார்பன் அதிகமானால் கடினம் கூடும், ஆனால் கண்ணாடிபோல் உடையும். குறைந்தால் வளையும், ஆனால் விளிம்பு நிற்காது. விறகும் கிளையும் வெட்டும் ஓர் அரிவாளுக்கு இந்த 0.6 அருமையான நடுப்புள்ளி. பழைய இரும்பு மலிவாகக் கிடைக்கிறது என்பதால் தொடங்கிய வழக்கமாக இருக்கலாம். ஆனால் காசு பார்க்காமல் ஒரு பொறியாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் ஏறக்குறைய இதையே எடுப்பார்.

உலையில் மரக்கரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. அந்த மரத்தைத் திட்டாதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் கரி மூட்டம் போடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். பட்டறை ஏன் எப்போதும் மங்கலாக இருக்கிறது என்று கேட்டால், இரும்பின் நிறத்தைப் பார்ப்பதற்கு. கொல்லரிடம் வெப்பமானி கிடையாது. இரும்பு மங்கிய சிவப்பிலிருந்து செக்கச்சிவந்து செம்மஞ்சளுக்குப் போகும் ஒவ்வொரு படியும் ஒரு வெப்பநிலை. வெயிலில் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது. 50, 100 டிகிரி ஏமாந்துவிடலாம்.

727 டிகிரி செல்சியஸில் எஃகுக்குள் ஒரு பெரிய மாற்றம் தொடங்குகிறது. அதுவரை இரும்பு அணுக்கள் அடுக்கியிருந்த விதத்தில் கார்பனுக்கு இடமே கிடையாது, அதிகபட்சம் 0.02 சதவீதம்தான். சூடு ஏறியதும் இரும்பு அணுக்கள் வேறொரு அடுக்குமுறைக்கு மாறுகின்றன. புதிய அடுக்கில் கார்பன் 2 சதவீதம் வரை கரையும். அந்த நிலையில் மெதுவாக ஆறவிட்டால் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பி, கார்பனை வெளியே தள்ளிவிடும், எஃகு மென்மையாகிவிடும். ஆனால் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் கார்பனுக்கு வெளியேற அவகாசம் இருக்காது. இரும்பு திரும்பப் பார்க்கும், கார்பன் நடுவில் மாட்டிக்கொள்ளும். அடுக்கு முழுவதும் ஒரு பக்கமாக இழுபட்டு விறைத்துப்போகும். ஜெர்மன் உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று அழைக்கப்படும் இந்த விறைத்த நிலைதான் கத்தியின் கடினம். நம் பட்டறைகளில் இதற்குத் தோய்ச்சல் என்று பெயர்.

தோய்ச்சலில்தான் பெரும்பாலான கத்திகள் பாழாவதும். மார்ட்டென்சைட் உருவாகும்போது எஃகு கொஞ்சம் விரிவடைகிறது. வெளித்தோல் முதலில் விறைத்து, உள்பகுதி பிறகு விரிந்தால், முடிகனத்துக்கு ஒரு விரிசல் ஓடிவிடும். வேகம் அதிகமுள்ள தண்ணீர்த் தோய்ச்சலில் இந்த ஆபத்து அதிகம். அதோடு, தோய்த்தெடுத்த அலகு அப்படியே இருந்தால் கீழே விழுந்தாலே உடையக்கூடிய அளவுக்கு நொறுங்கும் தன்மையோடு இருக்கும்.

அதனால்தான் இரண்டாம் சூடு. கைதேர்ந்த கொல்லர் அலகு முழுவதையும் முக்குவதில்லை. விளிம்பை மட்டும் முக்கி எடுப்பார். முதுகில் இன்னும் சூடு இருக்கும். விளிம்பைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, முதுகின் சூடு மெல்ல விளிம்புக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பளபளத்த இடத்தில் நிறங்கள் வரிசையாக ஓடும்: 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 250-ஐ ஒட்டிப் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். இது சாயமல்ல. எஃகின்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் கனம் கூடக் கூட, அதன் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு வரும் நிறம். மழைநாளில் பஸ் ஸ்டாண்டுத் தரையில் சிந்திய டீசலில் தெரிகிற வண்ணத்துக்கும் காரணம் இதுவே. வேண்டிய நிறம் விளிம்பை எட்டியதும் மறுபடி முக்கி நிறுத்திவிடுவார். சிறு கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்தலாம். அடிதாங்க வேண்டிய அரிவாளுக்கு ஊதா, நீலம் வரை விடலாம். விளிம்பு கடினமாக, முதுகு வளைந்துகொடுக்கும்படியாக, ஒரே துண்டில் இரண்டு எஃகு.

அழகர்கோவில் கருப்பசாமிக்கும் இந்தப் பக்கத்துக் காவல் தெய்வங்களுக்கும் நேர்த்திக்கடனாகச் செலுத்தும் ஆளுயர அரிவாள்களுக்கு இந்தத் தோய்ச்சல் ரகளை எதுவும் தேவையில்லை. அவை வெட்டப்போவதில்லையே.

பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஆக்ஸா பிளேடின் கதை வேறு. மின்ரம்பத்தில் பூட்டும் அகலமான பிளேடுகள் ஹைஸ்பீடு ஸ்டீல் வகை. டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம், 4 சதவீதம்போல் குரோமியம் கலந்தது. ராக்வெல் சி அளவில் அதன் கடினம் 62-லிருந்து 65; லாரிப் பட்டை லாரியில் இருக்கும்போது 40-களில்தான் இருக்கும்; விக்டோரிநாக்ஸ் அலகு 56-ஐ ஒட்டி. அதைவிட முக்கியம், ஹைஸ்பீடு ஸ்டீல் 600 டிகிரிக்கு அருகே சூடேறினாலும் கடினத்தை இழக்காது. எந்தத் தோய்ச்சலும் தெரியாதவர் தண்ணீர் தொடாமல் அரைத்தெடுத்தாலும் கத்தி கெடாது. தொழிற்சாலையில் நுணுக்கமாகச் செய்த வெப்பப் பதத்தை வெள்ளரிப்பிஞ்சுக்காரர் இலவசமாக வாங்கிக்கொள்கிறார். குறை ஒன்றுதான்: நெம்பினால் படீரென்று ஒடியும். காயைக் கீறுகிறவர் எதையும் நெம்பப்போவதில்லை.

இங்கேதான் கோணமும் கனமும் வருகின்றன. இளநீர் சீவும் அரிவாளை எடுத்துக் கொய்யா நறுக்கிப் பாருங்கள். விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் கொய்யா இரண்டாகப் பிளந்து தெறிக்குமே தவிர வில்லையாக வராது. விளிம்புக்குப் பின்னால் இருக்கும் தடித்த அலகு ஆப்பாக வேலை செய்கிறது. மாறாக மெல்லிய கத்தியால் இளநீரைக் கொத்தினால் விளிம்பு பல் பல்லாகப் போய்விடும். அலகின் கனத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் விறைப்பு பாதியாக அல்ல, எட்டில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்பது விளம்பரத்தில் மட்டும் சாத்தியம். சட்டைப்பையில் வைத்து மாம்பழம், சணல் கயிறு, பார்சல் டேப், வாழைநார் இவற்றை அறுக்கிற கத்திக்கு இரு பக்கமும் சேர்த்து 30 முதல் 40 டிகிரி விளிம்புக் கோணமும், 2 மில்லிமீட்டரை ஒட்டிய முதுகும் தாராளம். கடைகளில் "டாக்டிக்கல்" என்று சொல்லி விற்கும் 4 மில்லிமீட்டர் தடியன்கள் ஆப்பிளை அறுப்பதில்லை, உடைக்கின்றன.

வேட்டைக்கத்தி என்று விற்பவையும் பெரும்பாலும் இந்தத் தடியன் வகைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் அதற்கு நியாயமான வேலை கிடையாது. முயல் பிடித்தாலும் வழக்குதான். இந்தச் சமவெளியின் பழைய வேட்டைக் கருவியும் கத்தி அல்ல, வீசி எறியும் வளரி. ஆனாலும் வேட்டைக்கத்தியிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: அதன் இரும்பு பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடும். மடக்குக் கத்தியில் அலகும் பிடியும் ஒற்றை ஆணியில் சந்திக்கின்றன. பழைய பாணி மடக்குக் கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் வைத்திருப்பது முதுகுப்புற வில் ஒன்றின் அழுத்தம் மட்டுமே. குத்தினால் அலகு திரும்பி விரல்மேல் மடியும். பிரான்ஸின் ஒப்பினல் கத்தி 1890-இலிருந்து இருக்கிறது. ஆனால் அதன் கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் 1955-இல்தான் வந்தது. மரப்பிடி, மெல்லிய அலகு, ஒரு வளையம். இத்தனை எளிமையான மடக்குக் கத்தியை நான் வேறு பார்த்ததில்லை. நம் ஊர்ப் பட்டறையில் செய்யவே முடியாத நுணுக்கம் எதுவும் அதில் இல்லை. யாரும் செய்யவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒப்பினல் இரண்டு வகையாக வருகிறது: துருப்பிடிக்கும் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு. எதை வாங்குவது? 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியபோது, கத்தித் தொழிலாளர்கள் அதை அறுக்காத கத்தி என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி அப்போது நியாயமே. குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் மேல்பரப்பில் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு காப்புப் படலம் தானாக உருவாகும். ஆனால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கட்டிகட்டியாகத் திரளவும் செய்யும். சரியான சூட்டில் பதப்படுத்தாவிட்டால் விளிம்பு நிற்காது. இன்று அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

கார்பன் எஃகின் சங்கடம் வேறு. வாழைப்பூ ஆய்ந்தாலும் நெல்லிக்காய் வெட்டினாலும் கத்தி கறுத்துவிடும், காயும் கறுக்கும். காய்களில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் இந்தக் கறுப்பு, ஒரு காலத்தில் கடுக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய எழுதுமையின் கறுப்பேதான். கத்திக்கு அது கெடுதல் இல்லை. நெருக்கமாகப் படியும் அந்தக் கறுப்பு, செந்துரு பிடிப்பதைத் தாமதப்படுத்துகிறது. செந்துருதான் எதிரி, அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து புது இரும்பைக் காட்டிக்கொண்டே போகும். மதுரையின் வறண்ட காற்றில், துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் உள்ளவர் தைரியமாகக் கார்பன் எஃகு வாங்கலாம். எலுமிச்சை அறுத்துவிட்டு அப்படியே மடக்கிப் பைக்குள் போடுகிறவர், தூத்துக்குடியிலோ சென்னையிலோ கடற்காற்றில் இருப்பவர், துருப்பிடிக்காததையே வாங்குவது நல்லது.

அலகு முழுவதும் அலையலையான கோலத்தோடு டமாஸ்கஸ் என்ற பெயரில் கத்திகள் இணையக் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. அவை இரண்டு வகை எஃகை மாறிமாறி அடுக்கிப் பற்றவைத்து, அமிலத்தில் தோய்த்துக் கோலத்தை வெளிக்கொண்டுவந்தவை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலம் அடுக்கியதால் வந்ததல்ல. மூசையில் உருக்கிய, 1.5 சதவீதத்தை ஒட்டிய கார்பன் உள்ள எஃகிலிருந்து அது தானாகவே எழுந்தது. அந்த எஃகைச் செய்த இடங்களில் கொங்கு நாட்டுக் கொடுமணலும் வட ஆற்காடு, தென் ஆற்காடு ஊர்களும் உண்டு. லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, 1820-ஐ ஒட்டி இதன் ரகசியத்தைத் தேடினார். ஃபாரடேயின் தந்தையே ஒரு கொல்லர். அலுமினிய ஆக்சைடும் சிலிக்காவும்தான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு. தாதுவில் துளியளவு இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், திரும்பத் திரும்பச் சூடாக்கி அடிக்கும்போது கார்பைடு துகள்களை வரிசை வரிசையாக அணிவகுக்கவைத்தன என்பதை 1990-களில்தான் அமெரிக்காவின் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் செய்தே காட்டினார்கள். இன்றைய கோலக் கத்தி மோசம் என்று சொல்லவில்லை. கோலத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் 2016 விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அறிவியலுக்கும் என்று வடிவமைத்தவை நீங்கலாக. சட்டைப்பைக் கத்தி இந்த அளவுகளுக்கு வெகு கீழே. ஆனால் அரிவாளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவர் விவசாயிதான் என்பதை அரிவாள் சொல்லாது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பெரிய நடவடிக்கை எடுத்தபோது, பட்டறைக்காரர்களையும் அழைத்து, வாங்குகிறவரின் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னது. உத்தரப்பிரதேசத்து ராம்பூருக்கும் இதே கதி. அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் நீண்ட மடக்குக் கத்தியைச் சினிமா வில்லன்கள் எடுத்துக்கொண்டார்கள்; தொழில் நசிந்தது. 2023-இல் ராம்பூர் ஒரு சாலைச் சந்திப்பில் 6 மீட்டர் உயரத்துக்குக் கத்திச் சிலை எழுப்பிப் பெருமையை மீட்கப் பார்த்தது. திருப்பாச்சேத்திக்கு அப்படி எதுவும் வேண்டாம் என்பதே என் ஆசை. வெட்டுக்கத்தியும் கதிரரிவாளும் நல்ல விலைக்குப் போனால் போதும். மதுரை விமான நிலையம் போகிறவர்கள் மடக்குக் கத்தியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். எவ்வளவு சிறியது என்று அங்கே வாதாடிப் பயனில்லை.

கடைசியாக, தீட்டுவது. 2020-இல் எம்.ஐ.டி.யில் ஜெம் தாசானும் மாணவர் ஜான்லூகா ரோஷியோலியும் சவர பிளேடு ஏன் மழுங்குகிறது என்று மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை மழித்துப் பார்த்தார்கள். எஃகைவிட 50 மடங்கு மென்மையான முடி, விளிம்பைத் தேய்க்கவில்லை, சில்லு சில்லாகப் பெயர்த்திருந்தது. முடி வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில், ஏற்கெனவே சிறு குறை உள்ள விளிம்பு உடைகிறது. வெப்பப் பதம் சீராக இருப்பதன் அருமை இதில் தெரியும்.

சாணை பிடிப்பவரிடம் கத்தி கொடுக்கும்போது தீப்பொறியைக் கவனியுங்கள். கார்பன் நிறைந்த எஃகிலிருந்து வரும் பொறிகள் நீளம் குறைவாக, நெருக்கமாகக் கிளைகிளையாக வெடிக்கும். பறக்கும் துகளுக்குள் கார்பன் எரிவதுதான் அந்த வெடிப்பு. சாதாரண மெல்லிரும்பில் நீளக் கோடுதான், வெடிப்பு குறைவு. ஹைஸ்பீடு ஸ்டீலில் மங்கிய சிவப்புப் பொறிகள் சில மட்டும். கடைக்காரர் சொன்ன ஸ்டீல் உண்மைதானா என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது.

ஆனால் பொறி அழகாகப் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிடக் கூடாது. கொல்லர் நிறம் பார்த்து நிறுத்திய சூட்டைச் சாணைச் சக்கரம் இரண்டு நொடியில் தாண்டிவிடும். விளிம்பில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தின் தோய்ச்சல் போய்விட்டது; கூராகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நாளில் மழுங்கும். பிறகு எத்தனை தடவை தீட்டினாலும், நீலம் ஓடிய பகுதி முழுவதும் தேய்ந்து தீரும்வரை விளிம்பு நிற்காது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை தண்ணீரில் தொடச் சொல்லுங்கள், சலித்துக்கொண்டாலும் செய்வார். வீட்டிலேயே தீட்டுகிறவர்களுக்குச் சிலிக்கான் கார்பைடுக் கல் போதும். சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் அந்தக் கல்லைச் செய்கிறது. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்; பிசிறு விளிம்பு முழுவதும் விரலுக்குத் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு மறுபக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை உதிர்க்க வேண்டும். கல் இல்லாவிட்டால் பீங்கான் தட்டின் அடியில் மெருகு பூசாத வளையம் இருக்கும், அதில் நாலு இழுப்பு.

தீட்டிய கத்தியை எதன்மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். கறிக்கடைக்காரர்கள் புளியமரக் கட்டைதான் வேண்டும் என்பார்கள். குறுக்கே அறுத்த அந்தக் கட்டையில் விளிம்பு நார்களுக்கு நடுவே இறங்கிக்கொள்ளும், மோதாது. சமையலறைக் கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து ஒரே ஒரு எலுமிச்சையை நறுக்கினாலும் அந்த விளிம்பை மறுபடி முதலிலிருந்து தீட்ட வேண்டியிருக்கும்.